முதல் நேர்காணலில் மேல்மனத்துக்கு என்ன வேலை?

இழையைத் தொடங்கியவர்

அறிதுயில் (ஹிப்னாடிசம்) சிகிச்சையில் பயிற்சி முடித்து 3 ஆண்டுகளாகத் தனியாகப் பணி செய்து வருகிறேன். மனத்தைப் பற்றி எனக்குக் கற்றுக் கொடுக்கப்பட்ட படம் எளிமையானது. மேல்மனம் வாசலில் நிற்கும் காவலாளி. மாற்றம் நிகழ வேண்டிய இடம் உள்ளே இருக்கும் ஆழ்மனம். காவலாளியை அயரச் செய்துவிட்டு உள்ளே நுழைவதே நம் கலை. இந்தப் படத்தை ஏற்றுக்கொண்டால் முதல் நேர்காணல் வெறும் சடங்காகிவிடுகிறது. பெயர், வயது, என்ன குறை, எவ்வளவு காலமாக, முன்பு இந்தச் சிகிச்சை எடுத்ததுண்டா என்று 15 நிமிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, சாய்ந்து உட்கார்ந்து கண்களை மூடச் சொல்லிவிடுவேன். பலருக்கு அது போதுமானதாகவே தோன்றியது.

சில மாதங்களுக்கு முன்பு, கூட்டத்தின் முன் பேசும்போது கைகள் நடுங்குகின்றன என்று ஒருவர் வந்தார். முதல் அமர்விலேயே நன்றாகத் தளர்ந்தார். மூச்சு சீரானது, முகம் இளகியது, கை தானாக உயர்ந்தது. இரண்டாம் அமர்வும் அப்படியே. மூன்றாம் அமர்வின் முடிவில், எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே அவர் சொன்னார்: “நீங்கள் பேசியது முழுவதும் எனக்குக் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. அதனால் எனக்கு இது பலிக்கவில்லை என்று முதல் நாளே புரிந்துவிட்டது. உங்கள் மனம் நோகக் கூடாது என்றுதான் சொல்லாமல் இருந்தேன்.” அதன் பிறகு அவர் வரவில்லை.

அறிதுயில் என்றால் நினைவிழந்து கிடப்பது என்று அவர் எண்ணியிருக்கிறார். நான் அதைக் கேட்கவே இல்லை. நான் ஏமாற்றிவிட்டு உள்ளே நுழைந்ததாக நினைத்துக்கொண்டிருந்த அதே மேல்மனம், மூன்று அமர்வுகளிலும் விழித்திருந்து, சிகிச்சை தோற்றுவிட்டது என்ற முடிவையும் எடுத்துவிட்டது. அனுபவம் உள்ளவர்கள் முதல் நேர்காணலை எப்படி நடத்துகிறீர்கள், மேல்மனத்தை அதில் எங்கே வைக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.


மூத்த சிகிச்சையாளர் ஒருவர்

உங்கள் பதிவில் பாதி விடை இருக்கிறது. அறையில் இரண்டு மனங்கள் உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். மேல்மனம், ஆழ்மனம் என்பவை பேசுவதற்கு வசதியான உருவகங்கள். அவற்றை உறுப்புகளாக எண்ணத் தொடங்கியதும் வருபவரின் பாதியை எதிரியாக்கி விடுகிறோம். எதற்காக வந்தோம் என்று அறிந்திருப்பதும், நம்மை நம்பலாமா என்று எடை போடுவதும், சம்மதம் தருவதும், வீட்டில் தினமும் பயிற்சி செய்வதும், பலன் கிடைத்ததா என்று தீர்ப்புச் சொல்வதும் அந்த மேல்மனம்தான்.

நம் துறையின் வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. உடலில் ஓடும் ஒருவகைக் காந்த ஆற்றலால் நோய் தீர்க்கலாம் என்ற மருத்துவர் மெஸ்மரின் ‘உயிர்க் காந்தம்’ உண்மையா என்று ஆராய 1784-இல் பிரெஞ்சு அரசர் அமைத்த குழுவில் பெஞ்சமின் பிராங்கிளினும் வேதியியலாளர் லவாய்சியேவும் இருந்தார்கள். காந்தம் ஏற்றப்பட்டது என்று நம்பியவர்களுக்கு, ஏற்றப்படாத பொருளாலும் விளைவு உண்டாயிற்று. ஏற்றியது தெரியாதவர்களுக்கு ஒன்றும் நிகழவில்லை. கற்பனையின் வேலை என்று எழுதிக் குழு கோப்பை மூடியது. அந்த முடிவுக்குள் இருந்த பெரிய உண்மையை அவர்கள் தொடரவில்லை: ஒருவர் எதை எதிர்பார்க்கிறாரோ அது அவர் உடலில் வேலை செய்கிறது. 1843-இல் ‘ஹிப்னாடிசம்’ என்ற சொல்லைத் தம் நூலில் பரப்பிய ஜேம்ஸ் பிரெய்டு, உறக்கத்தைக் குறிக்கும் அந்தச் சொல் பொருந்தாது என்று பின்னாளில் கருதி, ஒற்றை எண்ணத்தில் கவனம் குவிதல் என்ற பொருளில் வேறொரு சொல்லைப் புழங்கப் பார்த்தார். பழைய சொல்லே நிலைத்துவிட்டது. நம் ‘அறிதுயில்’ இந்த வகையில் நல்ல சொல்: அறிந்துகொண்டே துயில்வது. வருபவரிடம் இந்தச் சொல்லையே பிரித்துக் காட்டி விளக்குவேன்.

நான் முதல் சந்திப்பை ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி நடத்துகிறேன். பெரும்பாலும் அன்று அறிதுயில் செய்வதில்லை. முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது, யார் விருப்பத்தின் பேரில் வந்திருக்கிறார் என்பதை. புகைப்பதை விட வேண்டும் என்று மனைவி அனுப்பிவைத்தவரும், தானே முடிவெடுத்து வந்தவரும் ஒரே குறையைச் சொன்னாலும் ஒரே நிலையில் இல்லை. அடுத்து, அறிதுயில் எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள், அதை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்பேன். மேடை நிகழ்ச்சியைப் பார்த்தவர், நான் சொல்வதை எல்லாம் செய்துவிடுவோமோ என்ற அச்சத்தோடு இருப்பார். உங்களிடம் வந்தவர் போன்றவர், எதுவும் கேட்காமல் போகும் என்று காத்திருப்பார். இந்த இரண்டு எண்ணங்களையும் கண் மூடுவதற்கு முன்பே வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும்.

பிறகு குறையின் கதையை விட்டுவிட்டு அதன் நடையைக் கேட்பேன். கைநடுக்கம் எப்போது தொடங்குகிறது, பெயர் அழைக்கப்படும்போதா, எழுந்து நடக்கும்போதா, தாளைக் கையில் எடுக்கும்போதா? அதற்கு ஒரு நொடி முன்பு மனத்துக்குள் ஓடும் வாக்கியம் என்ன? எந்தக் கூட்டத்தில் அது வரவில்லை? கடைசிக் கேள்விக்குப் பலர் வியந்து நிமிர்வார்கள். அவர்களை அப்படி யாரும் கேட்டிருப்பதில்லை. நடுக்கம் வராத அந்த ஒரு கூட்டம்தான் பிற்பாடு என் கருத்தேற்றத்துக்கு, அதாவது அறிதுயிலின்போது நான் சொல்லும் யோசனைகளுக்கு, மூலப்பொருள். ‘பயப்படாமல் இருக்க வேண்டும்’ என்று ஒருவர் சொன்னால், பயம் இல்லாத இடத்தில் என்ன இருக்கும் என்று கேட்டு, அவர் வாயாலேயே வரும் சொல்லைக் குறித்துக்கொள்கிறேன். ஒருவர் ‘அமைதி’ என்பார், இன்னொருவர் ‘தெளிவு’ என்பார், வேறொருவர் ‘பழகிய இடத்தில் நிற்பது போல’ என்பார். என்னுடைய அழகான வாக்கியத்தைவிட அவருடைய சாதாரணச் சொல் ஆழமாக இறங்கும்.

இன்னொன்றையும் மறக்காமல் கேட்கிறேன்: எந்தக் காட்சி வேண்டாம்? அலை புரளும் கடற்கரையைக் கற்பனை செய்யச் சொல்வது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. நீரில் மூழ்கித் தப்பியவரை அந்தக் கரைக்கு அழைத்துப் போனால் என்ன ஆகும் என்பதை நான் ஒருமுறை கண்ணால் கண்டேன். அன்று கேட்டிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும்.


மற்றொரு சிகிச்சையாளர்

மதிப்புடன் மாறுபடுகிறேன். ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்பது பல நேரங்களில் நோயின் கதையைத்தான் உறுதிப்படுத்துகிறது. என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் முன்பே நான்கைந்து பேரிடம் அதே கதையைச் சொல்லிச் சொல்லித் தேர்ந்தவர்கள். ‘எனக்குச் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான்’ என்ற வாக்கியத்தை அவர்கள் ஒவ்வொரு முறை உரக்கச் சொல்லும்போதும் அதுவும் ஒரு கருத்தேற்றம்தானே? எதையும் அலசிக்கொண்டே இருக்கும் மனிதரிடம் நாமும் சேர்ந்து அலசினால், அவருக்கு மிகவும் பழக்கமான அறைக்குள் நாமும் போய் உட்கார்ந்துகொள்கிறோம். அப்படிப்பட்டவரின் அறிவை ஓய வைப்பதற்காகவே குழப்பும் உத்தி போன்றவற்றை அமெரிக்க மனநல மருத்துவர் மில்டன் எரிக்சன் உருவாக்கினார். சுருக்கமாகக் கேட்டு, விரைவாக ஓர் அனுபவத்தைக் கொடுத்து, ‘மாற்றம் முடியும்’ என்பதை உடலால் உணரச் செய்வதே நல்லது என்பது என் அனுபவம். காவலாளி என்ற உருவகத்தை நானும் கடுமையாகக் கொள்வதில்லை. ஆனால் எதிர்த்து நிற்கும் ஒன்று இருக்கிறது என்பதை நீங்களும் மறுக்க முடியாது.


உளவியல் ஆய்வு மாணவர்

ஆய்வுப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். மேல்மனம் 10 விழுக்காடு, ஆழ்மனம் 90 விழுக்காடு என்று பனிப்பாறைப் படத்தோடு சொல்லப்படுவதற்கு அளவீடு எதுவும் இல்லை. மனத்தை இப்படி விழுக்காட்டில் பிரிக்கும் கருவி கிடையாது. வருபவருக்கு விளக்கும்போது அந்த எண்களைத் தவிர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உம்மில் பத்தில் ஒன்பது பங்கு உம் கையில் இல்லை என்று ஒருவரிடம் சொல்வது, உதவி தேடி வந்தவரை மேலும் வலுவிழக்கச் செய்கிறது.

அறிதுயிலுக்கு இசையும் தன்மை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்பது நன்கு நிறுவப்பட்டிருக்கிறது. வைட்சென்ஹாபரும் ஹில்கார்டும் ஸ்டான்போர்டில் 1959-இல் வெளியிட்ட அளவுகோலும் அதைப் பின்பற்றி 1962-இல் வந்த ஹார்வர்டு குழு அளவுகோலும் ஒவ்வொன்றும் 12 சோதனைகள் கொண்டவை. பெரும்பாலோர் நடுவில் அமைகிறார்கள். மிகக் குறைவாகவும் மிக அதிகமாகவும் இசைபவர்கள் சிறுபான்மையினர். அதே ஆட்களை 25 ஆண்டுகள் கழித்து மீண்டும் சோதித்து 1989-இல் வெளியான ஆய்வில் இரு மதிப்பெண்களுக்கும் இடையிலான ஒட்டுறவு (முழுமையாகப் பொருந்தினால் 1) 0.71 ஆக இருந்தது. இவ்வளவு நிலையான தன்மையை நேர்காணலில் ஆளைப் பார்த்தே கணித்துவிடலாம் என்பது தவறு. அலசும் குணம் உள்ளவர் இசையமாட்டார், எளிதில் நம்புபவர் இசைவார் என்பது போன்ற பொது எண்ணங்களுக்கு வலுவான சான்று இல்லை. கதையிலோ இசையிலோ தன்னை மறந்து ஆழும் இயல்புக்கு ஓரளவு தொடர்பு உண்டு, அவ்வளவுதான்.

எதிர்பார்ப்பைப் பற்றி மூத்தவர் சொன்னதற்கு மார்ட்டின் ஆர்னின் 1959-ஆம் ஆண்டுக் கட்டுரையே நல்ல சான்று. அறிதுயிலில் ஆழ்ந்தவரின் வலுக்கை (அவர் அதிகம் பயன்படுத்தும் கை) தானாக விறைத்துக்கொள்ளும் என்று ஒரு மாணவர் குழுவுக்கு விரிவுரையில் காட்டப்பட்டது. அது இட்டுக்கட்டிய செய்தி. பிறகு அறிதுயிலில் ஆழ்த்தியபோது அந்தக் குழுவில் பலருக்கு வலுக்கை விறைத்தது. அந்தச் செய்தியைக் கேட்காத குழுவில் அது தோன்றவில்லை. அவர்களுக்கு அறிதுயில் என்றால் என்ன என்று விரிவுரையில் சொல்லப்பட்டதோ அதுவே அறிதுயிலாயிற்று. இழையைத் தொடங்கியவரிடம் வந்தவருக்கும் அதே விதி எதிர்த்திசையில் வேலை செய்திருக்கிறது.

அதே நேரத்தில், எல்லாமே நடிப்பு என்றும் சொல்லிவிட முடியாது. கை உயர்வதை மக்கள் தாமாகச் செய்ததாக உணர்வதில்லை. தானாக நிகழ்ந்ததாகவே உணர்கிறார்கள். இந்த ‘தானாக’ என்ற உணர்வை எப்படி விளக்குவது என்பதில்தான் அறிஞர்கள் பல பத்தாண்டுகளாகப் பிரிந்து நிற்கிறார்கள். உணர்வின் ஒரு பகுதி பிரிந்து நிற்கிறது என்றார் ஹில்கார்டு. அறிதுயிலில் இருப்பவர் உணராததையும் அறிந்திருக்கும் உட்பகுதி என்று அவர் சொன்ன ‘மறைந்திருக்கும் நோக்கர்’ கூட, கொடுக்கப்படும் குறிப்பை மாற்றினால் மாறிவிடுகிறது என்று காட்டினார் ஸ்பானோஸ். எதிர்பார்ப்பே விளைவைப் பிறப்பிக்கிறது என்றார் கிர்ஷ். எந்தத் தரப்பை ஏற்றாலும், வருபவர் தனக்கு என்ன நிகழும் என்று நினைக்கிறார் என்பதைக் கேட்காமல் தொடங்குவதற்கு நியாயம் கிடைக்காது.


சிகிச்சை பெற்ற ஒருவர்

நான் துறையைச் சேர்ந்தவள் இல்லை. தூக்கமின்மைக்காகச் சென்றேன். முதல் சந்திப்பில், கண் மூடுவதற்கு முன்பே, “சிறு வயதில் உங்களுக்கு ஏதோ நடந்திருக்கிறது, நீங்கள் மறந்திருக்கிறீர்கள், இல்லையா?” என்று அவர் மூன்று முறை வெவ்வேறு விதமாகக் கேட்டார். இல்லை என்றேன். மேல்மனம் அப்படித்தான் மறுக்கும் என்றார். அதன் பின் என்ன சொன்னாலும் என் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போயிற்று. சில வாரங்களில் எனக்கு இருட்டறை ஒன்று காட்சியாகத் தோன்றத் தொடங்கியது. அது நினைவா, அவர் கேள்வியிலிருந்து பிறந்ததா என்று இன்றும் என்னால் சொல்ல இயலவில்லை. என் குடும்பத்தாரை நான் பார்க்கும் பார்வையே அதனால் மாறிப்போனது. நேர்காணலைப் பற்றிப் பேசும்போது இதையும் எண்ணிப் பாருங்கள்.


மனநல மருத்துவர்

மேலே எழுதியவருக்கு என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். ‘மறுத்தாலும் ஆம் என்றே பொருள்’ என்ற வாதத்துக்குள் சிக்கியவருக்கு வெளியேறும் வழி இல்லை. அப்படிக் கேட்பது மதிப்பீடு ஆகாது. அறிதுயிலின் மூலம் மீட்கப்படும் நினைவுகள் கூடுதலான துல்லியம் உடையவை அல்ல, அவற்றில் புனைவு கலக்கக்கூடும் என்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழு 1985-லேயே அறிவித்துவிட்டது. கலந்த புனைவின் மீது உறுதி மட்டும் கூடிவிடுவதுதான் பெரிய ஆபத்து. விழித்திருக்கும் நிலையிலேயே இது நடக்கும்: எலிசபெத் லாப்டஸ் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கடைவளாகம் ஒன்றில் தொலைந்துபோனதாகச் சொல்லப்பட்ட 24 பேரில் ஏறக்குறைய கால் பங்கினர், நடக்காத அந்த நிகழ்ச்சியை முழுமையாகவோ ஓரளவோ நினைவுகூர்ந்தார்கள். ஆகவே நேர்காணலின் கேள்விகள் திறந்தவையாக இருக்க வேண்டும். வருபவர் வாயிலிருந்து வராத காரணத்தை நாம் முதலில் உச்சரிக்கக் கூடாது.

இழையைத் தொடங்கியவரின் பதிவில் எனக்கு வேறொரு கவலை எழுந்தது. கைநடுக்கம் என்று ஒருவர் வந்தால் அது மேடைப் பயம் என்று ஏன் உடனே முடிவு செய்ய வேண்டும்? தைராய்டு சுரப்பு மிகுந்தால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், உடல் இளைக்கும். பார்ப்பதற்குப் பதற்றம் போலவே இருக்கும். ஆஸ்துமாவுக்கான சால்புடமால், லித்தியம், வால்புரோவேட் ஆகிய மருந்துகளாலும் நடுக்கம் வரும். குடும்பத்தில் பலருக்கு வரும் நடுக்க வகையும் உண்டு. அதுவும் பலர் பார்க்கும்போது கூடும். வலிக்கும் இதே விதிதான். காரணம் கண்டறியப்படாத தலைவலியை அறிதுயிலால் மங்கச் செய்வது, தீப்பற்றிய வீட்டில் எச்சரிக்கை மணியை மட்டும் நிறுத்துவதற்கு ஒப்பாகும். எரிச்சல் குடல் நோய்க்கு அறிதுயில் உதவும் என்பதற்கு 1984-இல் வோர்வெல் நடத்திய சோதனை முதல் நல்ல சான்றுகள் உண்டு. ஆனால் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2008-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நோய் முறையாகக் கண்டறியப்பட்டு 12 மாதங்கள் மருந்துகளுக்கு இணங்காதவர்களுக்கே இத்தகைய உளவியல் சிகிச்சைகளைப் பரிசீலிக்கச் சொன்னது. மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு என்றால் முதலில் மருத்துவரிடம்தான் அனுப்ப வேண்டும்.

தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. மனச்சோர்வை மதிப்பிடும் பி.எச்.க்யூ-9 என்ற 9 கேள்விப் படிவத்தின் கடைசிக் கேள்வி அதைப் பற்றியதே; ஆனால் படிவத்தை நிரப்ப வைத்துவிட்டு விடையைப் படிக்காமல் கோப்பில் வைப்பதைவிடப் படிவம் இல்லாமலே இருக்கலாம். பிறர் யாருக்கும் கேட்காத குரல் கேட்கிறதா, தன் எண்ணங்களைப் பிறர் கட்டுப்படுத்துவதாக நம்புகிறாரா என்றும் அறிய வேண்டும். அப்படி நம்பும் ஒருவரிடம் ‘என் குரல் உங்கள் உள்ளே இறங்குகிறது’ என்று சொல்வதன் விளைவை எண்ணிப் பாருங்கள். வலிப்பு, இடைப்பட்ட நேரம் அடிக்கடி நினைவிலிருந்து தப்பிப்போகும் அனுபவம், மது மற்றும் போதைப் பழக்கம், உட்கொள்ளும் எல்லா மருந்துகள் ஆகியவையும் குறிப்பில் இருக்க வேண்டும். அறிதுயில் இல்லாமல் எந்தக் குறையைக் கையாளும் தகுதி ஒருவருக்கு உண்டோ, அதை மட்டுமே அவர் அறிதுயிலைக் கொண்டு கையாளலாம்.


மற்றொரு சிகிச்சையாளர்

மருத்துவர் சொன்ன பகுதியில் எனக்கு மாறுபாடு இல்லை. பாதுகாப்புக்கான கேள்விகளைச் சுருக்க வேண்டும் என்று நான் கருதவில்லை. என் எதிர்ப்பு குறையின் கதையை நீட்டிப்பதற்குத்தான். ‘எந்தக் கூட்டத்தில் நடுக்கம் வரவில்லை’ என்ற கேள்வி கதையை நீட்டிக்காமல் உடைக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எரிக்சன், வருபவர் கொண்டுவரும் எதையும், எதிர்ப்பையும்கூட, சிகிச்சைக்குப் பயன்படுத்தியவர். அதற்கு அந்த மனிதரை முதலில் கூர்ந்து கவனித்திருக்க வேண்டும் என்பதையும் நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஆயினும் 90 நிமிடம் எல்லோருக்கும் தேவை என்பதை இன்னும் ஏற்கவில்லை.


மூத்த சிகிச்சையாளர் ஒருவர்

எல்லோருக்கும் தேவையில்லை, சிலருக்கு 40 நிமிடத்தில் முடிந்துவிடும். நேரத்தை நாம் முடிவு செய்யாமல், வருபவரின் எதிர்பார்ப்பை நம்மால் அவருடைய சொற்களிலேயே திருப்பிச் சொல்ல முடிகிறதா என்பதை வைத்து முடிவு செய்யலாம். எதிர்த்து நிற்கும் ஒன்று இருக்கிறது என்று முன்பு எழுதினீர்கள். இருக்கிறது. என் அனுபவத்தில் அதற்குப் பெரும்பாலும் நல்ல காரணமும் இருக்கிறது. தேர்வுப் பயத்துக்காக வந்த ஒரு பெண் எந்தக் கருத்தேற்றத்துக்கும் இசையவில்லை. பயம் போய்விட்டால் என்ன கெடும் என்று கேட்டேன். பயம் போனால் படிக்கவே மாட்டேன் என்றாள். அந்தப் பயத்தைக் காவலாளி என்று எண்ணி ஏய்க்க முயன்றிருந்தால், அவள் தன் தேர்வைக் காப்பாற்றிக்கொள்ளும் ஒரே வழியை நான் பறிக்கப் பார்த்திருப்பேன்.


இழையைத் தொடங்கியவர்

மருத்துவரின் பதிவைப் படித்ததும், கைநடுக்கத்துக்காக என்னிடம் வந்தவருடைய பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். உட்கொள்ளும் மருந்துகள் என்ற இடத்தில் எதுவும் எழுதப்படவில்லை. அவர் இல்லை என்று சொன்னாரா, நான் கேட்கவே இல்லையா என்பது எனக்கு நினைவில்லை. குறை என்ற இடத்தில் ‘மேடைப் பயம்’ என்று இருக்கிறது. அவர் சொன்னது ‘கை நடுங்குகிறது’ என்பதே. பயம் என்ற சொல் என்னுடையது என்பது இப்போதுதான் கண்ணில் பட்டது. படிவத்தில் அந்த இடத்தை, வருபவர் சொன்ன சொற்களை அப்படியே எழுதும் இடமாக மாற்றிவிட்டேன். அறிதுயிலில் என்ன நிகழும் என்று நினைக்கிறீர்கள் என்ற கேள்வியை முதல் பக்கத்திலேயே சேர்த்திருக்கிறேன். அவரை மீண்டும் தொடர்புகொள்வது முறையாகுமா? வாடிக்கையைத் திரும்ப அழைப்பதாக அவர் எண்ணிவிடக் கூடாதே என்று தயங்குகிறேன்.


மூத்த சிகிச்சையாளர் ஒருவர்

எழுதுங்கள். திரும்ப வரும்படி ஒரு சொல்லும் அதில் இருக்க வேண்டாம். அவருக்கு எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது இயல்பானது, அதை முதல் நாளே விளக்காதது உங்கள் தவறு என்று எழுதுங்கள். கைநடுக்கத்துக்காக ஒரு மருத்துவரைப் பார்த்து, தைராய்டுப் பரிசோதனை வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளும்படியும் சொல்லுங்கள். இப்போது அவர் தம்மால் முடியாது என்ற தீர்ப்போடு இருக்கிறார். அந்தக் கடிதம் நாளையே அவர் கைக்குப் போய்ச் சேரட்டும்.